சிக்கனம் யாருக்கு?

"வரும்படி சுருங்கினால் குடும்பத் தலைவன் செலவைச் சுருக்குகிறான், சர்க்காரும் அவ்வாறு செய்வதுதானே முறை?" என்று சிக்கனவாதிகள் கேட்கிறார்கள். குடும்பத் தலைவன் செலவைக் குறைப்பதனால் அவன் வரும்படி குறைவதில்லை. சர்க்கார் குறைத்தாலோ கூலியாளுக்கு வேலை போகும். அவனை நம்பிய மளிகைக்கடை படுக்கும். பிறகு வரி செலுத்துவார் யார்?

மலாயாத் தோட்டத் தமிழன் இதனைப் புத்தகத்தில் படித்தவனல்லன். ரப்பர் விலை விழுந்த 1930இல், சர்க்கார் குழு நிர்ணயித்த நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாயிற்று, பின்னும் சரிந்தது. இலாகாக்களில் ஆட்குறைப்பு. வேலையற்றவர்களை ஆயிரக்கணக்கில் தாயகத்திற்குக் கப்பலேற்றினார்கள். உண்பாரையும் உடுப்பாரையும் ஊரைவிட்டு அனுப்பிய பின் கடைத்தெருவில் வியாபாரம் எங்ஙனம் தழைக்கும்?

புக்கிட் மேராவுக்கு வாருங்கள். 1961 மே 25இல் அங்குப் புக்கிட் ஹோ சுவீ குடிசைகளில் பற்றிய தீயால் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தனர். வேலையில்லாத் திண்டாட்டம் நிறைந்த காலம் அது. "பணமில்லை" என்று கைவிரிக்கச் சர்க்காருக்கு நல்ல சாக்கு! விரிக்கவில்லை. 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதல் ஐந்தாண்டில் 50,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டிற்று. கொத்தனும் தச்சனும் லாரிக்காரனும் பெற்ற கூலி சந்தைக்கன்றோ சென்றது?

வீண்செலவை நாம் ஆதரிக்கவில்லை. நல்ல காலத்தில் சேமிக்கட்டும். ஆனால் சேமிப்பு எதற்கு? 2020இல் கொள்ளைநோய் தொழிலை முடக்கியபோது சிங்கப்பூர் ஒரே ஆண்டில் நான்கு வரவுசெலவுத் திட்டங்கள் போட்டு, சேமநிதியைத் திறந்து, உள்ளூர்த் தொழிலாளர் சம்பளத்தில் ஒரு பங்கைத் தானே ஏற்றது. 1930இல் கப்பலேற்றப்பட்டவனுக்கு அந்த நீதி ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சிக்கனவாதிகளே சொல்லட்டும்.