பெயிண்ட் செலவு ஏறியதற்குப் பெயிண்டரா குற்றவாளி?

தை பிறக்கப் போகிறது என்றால் ஜலகண்டாபுரத்திலும் நங்கவள்ளி, தாரமங்கலம் பக்கங்களிலும் ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. "வீட்டுக்குள்ளே நல்லபடியாக வர்ணம் அடிக்கலாம் என்று பார்த்தால், இந்தப் பெயிண்டர்கள் கேட்கிற கூலி கட்டுபடியாகவில்லை. ஆட்கள் ஏற்றிவிட்ட விலைதான் எல்லாம்!" என்பதே அந்தப் பேச்சு.

கடைவீதி முதலாளி இப்படிப் பேசினால் ஆச்சரியமில்லை. அவர் பிழைப்பே அது. ஆனால் விசைத்தறி ஓட்டும் தொழிலாளியும் இதையே பேசுகிறாரே, அதுதான் வேதனை. தோழரே, போனஸ் கேட்டபோது உங்களிடம் தறி முதலாளி என்ன சொன்னார்? "நீங்கள் கூலி கேட்டுக் கேட்டுத்தான் துணி விலை ஏறுகிறது, தொழில் நசிக்கிறது" என்று சொல்லவில்லையா? அன்றைக்கு அது பச்சைப் பொய் என்று உங்களுக்குத் தெரிந்தது. அதே பொய்யை இன்று பெயிண்டரின் தலையில் நீங்களே தூக்கி வைக்கலாமா?

வெறும் வாயால் வாதாட வேண்டாம். கணக்குப் பார்ப்போம்.

சுவரை அளந்து பாருங்கள்

பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். தரை 120 சதுர அடி. நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி. உயரத்தால் பெருக்கினால் 440. மேலே கூரைத் தளம் 120. ஆக 560. கதவு 21, ஜன்னல் 16 கழித்தால் 523 சதுர அடி. தரையைப் போல் நாலரைப் பங்கு வேலை சுவரிலும் கூரையிலும் இருக்கிறது!

இங்கேதான் முதல் ஏமாற்று. "வீட்டின் சதுர அடியை இத்தனையால் பெருக்கினால் வரும் கணக்கு" என்று சிலர் வாய்க்கு வந்தபடி விலை சொல்லுவார்கள். அந்தப் பெருக்கல் எல்லா வீட்டுக்கும் ஒன்றாகாது. அறை சிறிதாக ஆக ஆக, தரைக்குச் சுவரின் பங்கு கூடும். பங்களாக்காரனின் பெரிய ஹாலைவிட ஏழையின் சின்ன அறைக்கு அடிக்கு அடி செலவு அதிகம். ஆகவே பெருக்கல் வாய்ப்பாட்டை நம்பாதீர்கள். டேப்பை எடுத்துச் சுவரை அளங்கள்.

இனிச் சரக்கு. புதுச் சுவருக்கு இரண்டு கோட்டு பட்டி பார்த்தால் ஏறக்குறைய ஒரு மூட்டை, அதாவது 40 கிலோ. பிரைமர் ஒரு கோட்டுக்கு ஐந்து லிட்டர். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு நாலு, நாலரை லிட்டர். ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும், எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்பதைக் கம்பெனியே டப்பாவில் அச்சிட்டிருக்கிறது. சுவர் சொரசொரப்பாக இருந்தால் கொஞ்சம் கூடும்; வழவழப்பாக இருந்தால் குறையும்.

இனி உழைப்பு. பட்டி ஒரு கோட்டு இழுத்துக் காயவிட வேண்டும். இன்னொரு கோட்டு இழுக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு பிரைமர், பிறகு வர்ணம் இரண்டு முறை. எல்லாம் சேர்ந்தால் சுமார் எட்டு ஆள்-நாள் பிடிக்கும். "ஒரு ரூம்தானே, ரெண்டு நாளில் முடியாதா?" என்று கேட்பவர் ஒரு நாள் அண்ணாந்து நின்று கூரையைத் தேய்த்துப் பார்க்கட்டும்!

கூலியைப் பிடுங்கினால் மிச்சம் எவ்வளவு?

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. உங்கள் ஊர் ரேட்டை இதில் போட்டு நீங்களே சரிபாருங்கள். சரக்கும் ஆளும் சேர்த்துச் சதுர அடி 30 ரூபாய் என்று ஒரு காண்ட்ராக்டர் பேசுகிறார் என்று வைப்போம். 523 சதுர அடிக்கு 15,690 ரூபாய். எட்டு ஆள்-நாளுக்கு 900 வீதம் கூலி 7,200. சரக்கு 5,000. மீதி 3,490 காண்ட்ராக்டர் கைக்கு. ஏணி, வண்டி வாடகை, அவர் லாபம் எல்லாம் அதில்.

இப்போது நீங்கள் மல்லுக்கு நின்று ஆள் கூலியில் தினம் நூறு ரூபாயைக் குறைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். உங்களுக்கு மிச்சம் 800 ரூபாய். மொத்தச் செலவில் நூற்றுக்கு ஐந்து. ஆனால் அந்தத் தொழிலாளிக்கோ வருமானத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போயிற்று! அவன் வீட்டு அரிசியில், பிள்ளையின் பஸ் காசில், தாயாரின் மருந்தில் அது குறையும்.

அதே சரக்கு 5,000 ரூபாயில் சர்க்கார் வரி எவ்வளவு தெரியுமா? பெயிண்டுக்கும் பட்டிக்கும் ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 18. 2017ல் 28 என்று போட்டார்கள். 2018 ஜூலையில் 18 ஆக்கினார்கள். ஐயாயிரத்துக்குள் 763 ரூபாய் வரி அடங்கியிருக்கிறது. நீங்கள் பெயிண்டரோடு சண்டை போட்டு மிச்சம் பிடித்த தொகையும் ஏறக்குறைய இதுதான். பெயிண்டரோடு அரை நாள் பேரம் பேசியவர்கள் டப்பாவுக்கு முன்னால் ஏன் வாய் திறப்பதில்லை?

டப்பாவுக்குப் பின்னால் யார்?

டப்பாவுக்குப் பின்னால் இருப்பவர்கள் சாமானியர்கள் அல்ல. 1942ல் பம்பாயில் தொடங்கிய ஏஷியன் பெயிண்ட்ஸ் இந்தச் சந்தையின் முதல் ராஜா. 2024 பிப்ரவரியில் பிர்லா குடும்பத்தின் கிராசிம் கம்பெனி 'பிர்லா ஓபஸ்' என்ற பெயரில் போட்டிக்கு வந்தது. பெரிய கம்பெனி கடைக்காரர்களை வளைத்துத் தங்களை ஒதுக்குகிறது என்று கிராசிம் புகார் செய்ய, 2025 ஜூலையில் போட்டிக் கமிஷன் ஏஷியன் பெயிண்ட்ஸ் மேல் விசாரணைக்கு உத்தரவிட்டது.

புகார் கொடுத்தவர் மட்டும் உத்தமரா? மில் தொழிலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விஸ்கோஸ் பஞ்சு விற்பனையில் நூல் மில்களுக்கு ஆளுக்கொரு விலை வைத்தது என்று 2020 மார்ச்சில் அதே கமிஷன் அதே கிராசிமுக்கு 301 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. கம்பெனி அதை எதிர்த்து அப்பீலுக்குப் போனது. சங்ககிரியில் சிமெண்ட் ஆலை வைத்திருக்கும் இந்தியா சிமெண்ட்ஸ் 2024 டிசம்பரில் பிர்லாக்களின் அல்ட்ராடெக் வசம் போயிற்று. சுவருக்குச் சிமெண்ட், சுவருக்குப் பட்டி, பட்டிக்கு மேல் வர்ணம், மில்லில் ஓடும் பஞ்சு—எல்லாவற்றிலும் ஒரே குடும்பம்! ஏணியில் நிற்கும் பெயிண்டரா இந்த விலைகளைத் தீர்மானிக்கிறான்?

பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் வைப்பது கம்பெனிகளின் பழைய தந்திரம். இன்று அது போன் வைத்துப் படிக்கும் கட்டமாக மாறியிருக்கிறது. அந்தக் காசு கம்பெனி தர்மம் அல்ல; டப்பா விலையில் உங்களிடம் வாங்கியதுதான். அதில் கொஞ்சத்தைப் பெயிண்டரிடம் கொடுத்து, "இந்தக் கம்பெனி சரக்கையே வாங்கச் சொல்" என்கிறார்கள். வீட்டுக்காரன் பெயிண்டரைச் சந்தேகிக்கிறான். பெயிண்டர் வீட்டுக்காரனிடம் மறைக்கிறான். கம்பெனியோ இருவரையும் பார்த்துச் சிரிக்கிறது. நேர்மையான கூலி கொடுத்தால் டோக்கனுக்குக் கையேந்த வேண்டிய அவசியம் யாருக்கும் இராது.

மலிவு என்ற பொறி

"இன்னொரு காண்ட்ராக்டர் 22 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டாரே!" என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். எட்டு ரூபாயை எங்கே எடுப்பார் என்று யோசித்தீர்களா? இரண்டு கோட்டு பட்டி ஒரு கோட்டாகும். பிரைமரே காணாமற்போகும். எமல்ஷனில் தண்ணீர் கூடும். அடுத்த மழையில் சுவர் செதில் செதிலாக உரியும்.

இது புதுக் கதை அல்ல. இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் நகரில் வீடுகளுக்கு வர்ணம் அடித்துப் பிழைத்த ராபர்ட் ட்ரெஸ்ஸல் என்ற தொழிலாளி, தன் தொழிலைப் பற்றியே ஒரு நாவல் எழுதினார். அவர் 1911ல் இறந்தார்; நூல் 1914ல் வெளிவந்தது. குறைந்த தொகைக்கு வேலையைப் பிடித்துவிட்டு, கோட்டுகளைத் திருடவும் அவசர அவசரமாக அள்ளிப் பூசவும் தொழிலாளியை விரட்டும் முதலாளிகளை அதில் அவர் தோலுரித்துக் காட்டினார். அன்றைய ஹேஸ்டிங்ஸில் நடந்ததுதான் மலிவு காண்ட்ராக்ட் உள்ள எந்த ஊரிலும் நடக்கிறது.

பெயிண்டரின் உடம்புக்கு என்ன விலை?

பட்டியைத் தேய்க்கும்போது பறக்கும் தூசி யார் நெஞ்சில் போகிறது? சாரம் சரிந்தால் யார் இடுப்பு முறிகிறது? வெள்ளை ஈயப் பெயிண்டை வீட்டு உட்புறத்தில் பூசக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் மாநாடு 1921லேயே உடன்படிக்கை செய்தது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2016ல்தான் வந்தது. 2017 நவம்பரில்தான் அமலாயிற்று. இடையில் 96 ஆண்டுகள்! அத்தனை காலம் உரசித் தேய்த்த பழைய சுவர்களின் தூசியைச் சுவாசித்தவர்கள் யார்? கிணறு வற்றியபோது வயலை விட்டுப் பிரஷைப் பிடித்த விவசாயக் கூலிகளும் அவர்களில் உண்டு. பெயிண்டர் வேறு யாரோ அல்ல. உங்கள் பங்காளி, உங்கள் மச்சான்.

அப்படியானால் ஏழை என்ன செய்வது?

"என் கையிலும் காசு இல்லையே" என்று நீங்கள் கேட்பது நியாயம். செலவைக் குறையுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். முதலில் கூரை ஒழுகலை அடையுங்கள்; ஈரச் சுவரில் பூசிய பெயிண்ட் குப்பையில் கொட்டிய காசு. பழைய சுவர் உறுதியாக இருந்தால் வீடு முழுக்கப் பட்டி வேண்டாம். பெயர்ந்த இடத்தில் மட்டும் பாருங்கள். பளபளப்பு விளம்பரத்துக்கு மயங்கி விலை உயர்ந்த ரகம் வாங்காதீர்கள். சாதாரண எமல்ஷன் போதும், கொல்லைப்புறத்துக்குச் சுண்ணாம்பே போதும். எத்தனை சதுர அடி, எத்தனை கோட்டு, என்ன சரக்கு, எத்தனை ஆள்-நாள் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சரக்கைப் பில் போட்டு நீங்களே வாங்குங்கள். கூடுமானால் காண்ட்ராக்டரை நடுவில் வைக்காமல் பெயிண்டர்களிடமே நேரில் பேசுங்கள்.

பெயிண்டர் தோழர்களுக்கும் ஒரு சொல். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் தமிழ்நாட்டில் 1994ல் அமைந்தது. சும்மா வந்ததல்ல, போராடிப் பெற்றது. பதிவு செய்யாதவர் உடனே பதிவு செய்யுங்கள், அட்டையைப் புதுப்பியுங்கள். 2025 நவம்பர் 21ல் மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கி, 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தையும் அதற்குள் விழுங்கிவிட்டது. தனித்தனியாக நின்றால் இருக்கிற உரிமையும் கைநழுவும். சங்கமாகக் கூடி, ஊருக்கெல்லாம் ஒரே கூலி விகிதத்தை வெளிப்படையாக அறிவியுங்கள். டோக்கன் காசை வீட்டுக்காரரிடம் மறைக்காதீர்கள்.

தறித் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் பெயிண்டரும் ஒருவர் கூலியை ஒருவர் பிடுங்கிக்கொண்டால் மூன்று பேர் வீட்டிலும் அடுப்பு அணையும். டப்பா விலையில் ஒரு பைசா குறையாது. பேரம் பேச வேண்டிய இடம் ஏணியின் கீழே அல்ல, விலையைத் தீர்மானிக்கும் ஏகபோகத்தின் வாசலில்! அங்கே மூவரும் சேர்ந்து போவோம்.