மத்திக்கு யார் புத்தகம் எழுதுவது?

போன மாதம் மகளின் பள்ளியில் 'கடல் வாரம்'. நான்காம் வகுப்பு. பிடித்த கடல் உயிரினம் ஒன்றைப் பற்றிச் சார்ட் பேப்பரில் எழுதிப் படம் வரைந்து எடுத்துப்போக வேண்டும். இவள் பொம்பில் மீனை வரைந்தாள்.

மும்பையில் இருப்பவர்களுக்குப் பொம்பிலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வாயைப் பிளந்துகொண்டு, கையில் எடுத்தால் கொழகொழவென்று வழுக்கும், பாதி கண்ணாடி மாதிரியான மீன். வெள்ளைக்காரன் 'பாம்பே டக்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனான், வாத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நாங்கள் வழக்கமாக மீன் வாங்கும் கோளி மாவ்ஷியிடம் இரண்டு சனிக்கிழமை கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுத்தாள். நீரோட்டத்துக்கு எதிரே டோல் வலையைப் பை மாதிரி கட்டிவிட்டால், நீரே மீனைக் கொண்டுவந்து உள்ளே தள்ளும். மூங்கில் பந்தலில் பொம்பிலை ஜோடி ஜோடியாக வாயோடு வாய் கோத்துக் காயப்போடுவார்கள். எல்லாம் எழுதியிருந்தாள். எனக்கே தெரியாத சமாச்சாரம் பாதி.

ஆசிரியை பார்த்துவிட்டு, "இது சாப்பாட்டு ஐட்டம். மரைன் அனிமல் ஏதாவது செய்து கொண்டுவா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது சார்ட்டில் ஆரஞ்சு வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். அதற்கு ஸ்டார் கிடைத்தது. வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்ததைப் போய்ப் பார்த்தேன். கோமாளி மீன் பதினொன்று, டால்பின் ஆறு, பென்குயின் நாலு, ஒரு பனிக்கரடி. அந்தப் பள்ளியிலிருந்து கோளிவாடா இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை.

அந்த ஆசிரியை மேல் எனக்குக் கோபம் இல்லை (முதல் நாள் இருந்தது, பொய் சொல்வானேன்). அவர் படித்த புத்தகங்களில் கடல் அப்படித்தான் இருக்கிறது. நான் மதுரைக்காரன். எங்களுக்கு மீன் என்றால் அயிரை. கடல் என்றால் ராமேஸ்வரம் போகும்போது பாம்பன் பாலத்தில் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்து வாயைப் பிளப்பது. வஞ்சிரம் சுர்மாய் ஆவதும், வவ்வால் பாப்லெட் ஆவதும் பிழைக்க வந்த ஊரில் கற்றுக்கொண்டவை. அதனால் கடலைப் பற்றித் தெரிந்துகொள்ள நானும் புத்தகக் கடைக்குத்தான் போனேன். அங்கேதான் வயிற்றெரிச்சல் ஆரம்பம்.

ராச்சல் கார்சன் இருக்கிறார். கூஸ்தோ இருக்கிறார். காலம் ராபர்ட்ஸ் இருக்கிறார். மார்க் குர்லான்ஸ்கியின் 'காட்' இருக்கிறது. எல்லாம் அருமையான புத்தகங்கள், ராத்திரி தூங்கவிடாமல் படிக்க வைப்பவை. ஆனால் அவற்றின் கடல் பெரும்பாலும் வட அட்லாண்டிக். பனிக்காலம் முடிந்து வசந்தம் வந்ததும் பாசி பூக்கிற கடல். நம் கடலுக்கு வசந்தம் ஏது? நம்முடையது பருவக்காற்றுக் கடல். ஜூனில் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் கேரள, கர்நாடகக் கரையோரத்தில் மேல்மட்டத்து நீர் கரையை விட்டு விலகிப் போகும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வரும். நுண்பாசி பெருகும், அதைத் தின்ன மத்தி வரும். எந்தக் கார்ட்டூனுக்கும் குறையாத நாடகம் ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. நடக்கும் நேரத்தில் நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பஜ்ஜி சாப்பிடுகிறோம், படிப்பதற்குப் பெருந்தடுப்புப் பவளத்திட்டு பற்றிய படப் புத்தகம்.

குர்லான்ஸ்கி 1997-ல் எழுதியது ஒரே ஒரு மீனின் கதை. காட் மீனை நம்பி ஊர்கள் எப்படி உருவாயின, எப்படிப் பிடித்துப் பிடித்துத் தீர்த்தார்கள், 1992-ல் கனடா அரசு நியூஃபவுண்ட்லாந்தில் காட் பிடிக்கத் தடை போட்டபோது ஏறத்தாழ 30,000 பேர் ஒரே அடியாக எப்படி வேலை இழந்தார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. நியூஃபவுண்ட்லாந்தை வரைபடத்தில் காட்டத் தெரியாத என் அலுவலக நண்பர்கள்கூட இந்தக் கதையைச் சொல்வார்கள்.

அவர்களிடம் மத்தியின் கதையைக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் சாளை, மராத்தியில் தார்லி, மங்களூர்ப் பக்கம் பூத்தாய். ஏழையின் மீன், தோட்டத் தென்னைக்கு உரமாகப் போட்ட காலமும் உண்டு. கேரளத்தில் 2012-ல் பிடிபட்டது ஏறத்தாழ 4 லட்சம் டன். 2021-ல் நாலாயிரம் டன்கூட இல்லை. ஒன்பதே ஆண்டு! நூறு ரூபாயில் ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை என்று அர்த்தம். மலையாளிகள் ஓமனிலிருந்து வந்த மத்தியை வாங்கித் தின்றார்கள். வலைக்காரனின் கடன், கூடையில் சுமந்து வீடு வீடாக விற்ற பெண்ணின் பிழைப்பு, ஐஸ் உடைக்கிற கடை எல்லாம் சேர்ந்து முடங்கின. ஏன் அப்படி ஆயிற்று? மத்தியின் ஆயுளே இரண்டு, இரண்டரை ஆண்டுதான். குஞ்சை அள்ளிவிட்டால் அடுத்த ஆண்டுக்குத் தாய் இல்லை. பெரிய பெரிய ரிங் சீன் வலைகள், தீவன ஆலைகளுக்குப் போன குஞ்சு மீன், 2015-16 எல் நினோவில் கடல் சூடானது என்று பல காரணம் சொல்கிறார்கள். எதற்கு எவ்வளவு பங்கு என்று சண்டையும் போடுகிறார்கள். கேரள அரசு 2015-ல் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக்கூடாது என்று விதி போட்டது. அதன் பிறகுதான் இந்த வீழ்ச்சியின் அடிமட்டமே வந்தது. பின்னர் மீன் திரும்பவும் தலைகாட்டியது.

இதில் என்ன இல்லை? துப்பறியும் கதைக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. ஆனால் 'காட்' பக்கத்தில் வைக்க 'மத்தி' என்று ஒரு புத்தகம் நான் தேடிய எந்தக் கடையிலும் இல்லை.

தகவல் இல்லையா என்றால், கொட்டிக் கிடக்கிறது. மெட்ராஸ் மாகாண மீன்துறைக்காக ஹார்னெலும் நாயுடுவும் மத்தியின் வாழ்க்கை வரலாற்றை 1920-களிலேயே எழுதிவிட்டார்கள். சுதந்திரத்துக்கு ஆறு மாதம் முன்னால், 1947 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் (முன்பு நம் மண்டபத்தில்தான் இருந்தது, 1971-ல் கொச்சிக்குப் போனது) இத்தனை காலமாகக் கரை கரையாக ஆள் வைத்து, எந்த மீன் எவ்வளவு இறங்கியது என்று கணக்கெடுத்து வருகிறது. வெப்ப மண்டலத்தில், நூற்றுக்கணக்கான மீன் வகை ஒரே வலையில் வரும் நாட்டில், இது சாதாரண வேலை இல்லை. அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. திறந்து படியுங்கள். மூன்றாவது பத்தியில் கொட்டாவி வரும். அது விஞ்ஞானி விஞ்ஞானிக்கு எழுதியது, அப்படித்தான் இருக்கும். அதை எடுத்து நமக்குச் சொல்ல வேண்டிய ஆள்தான் இல்லை.

இந்த இடத்தில் எல்லோரும், "அரசாங்க உத்தியோகஸ்தன் அப்படியெல்லாம் எழுதுவானா சார்?" என்பார்கள். கார்சன் யார்? அமெரிக்க அரசின் மீன்துறையில் சம்பளம் வாங்கியவர். 'இந்த மீனை வாங்கிச் சமையுங்கள்' என்று துறைக்காகக் கையேடு எழுதியவர். அவருடைய முதல் புகழ்பெற்ற கடல் கட்டுரை, 1937-ல் வந்தது, துறைக் கையேடு ஒன்றுக்கு முன்னுரையாக எழுதியதுதான். 'இது நம் கையேட்டுக்கு ரொம்ப ஜாஸ்தி, பத்திரிகைக்கு அனுப்பு' என்று மேலதிகாரியே சொன்னாராம். 1951-ல் 'தி ஸீ அரவுண்ட் அஸ்' வந்தபோதும் அவர் அரசு ஊழியர்தான். நம்மூரில் அந்த மேலதிகாரி என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். எழுதியவருக்கு மெமோ வந்திருக்கும் :-)

இரவல் புத்தகத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. கடலோடு சேர்த்து வில்லனும் இரவலாக வந்துவிடுகிறான். 2021-ல் 'சீஸ்பிரசி' படம் வந்தபோது எங்கள் கேன்டீனில் மூன்று பேர் மீனை விட்டார்கள். கடலைக் காப்பாற்ற ஒரே வழி மீன் தின்பதை நிறுத்துவதுதானாம். ஐயா, நார்வேக்காரனின் தொழிற்சாலைக் கப்பலும், வர்ஸோவா கோளியின் படகும் ஒன்றா? மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை இருக்கிறது என்று அந்த மூவருக்கும் தெரியாது. சட்டம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே நாரளி பௌர்ணமிக்குத் தேங்காய் விட்ட பிறகுதான் கோளிகள் கடலில் இறங்குவார்கள் என்பதும் தெரியாது. நார்வே என்றதும் நினைவுக்கு வருகிறது: 1952-ல் ஒப்பந்தம் போட்டு இந்தோ-நார்வே திட்டம் என்று ஒன்றைக் கொல்லம் பக்கம் நீண்டகரையில் தொடங்கினார்கள். இழுவை மடியும் இறால் ஏற்றுமதியும் கேரளத்தில் வேர்விட்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நிபுணர்கள் கையில் கொடுத்த வலையைப் பிடித்தவன் இன்று குற்றவாளி, கொடுத்தவனைப் பற்றி ஒரு அத்தியாயம்கூட நம் கடைகளில் இல்லை. நம் மீனவர்கள் எல்லோரும் புனிதர்கள் என்று நான் சொல்லவரவில்லை. குஞ்சு மத்தியை அள்ளியதும் நம் ஆட்கள்தான். அதையும் நாம்தான் எழுதவேண்டும், கனடாக்காரன் எழுதமாட்டான்.

புத்தகம் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்பவர்களுக்கு மும்பை கடலோரச் சாலையைக் காட்டுகிறேன். அந்தத் திட்டம் பேசப்பட்ட காலத்தில் நான் கேட்ட பேச்செல்லாம் ஒன்றுதான்: "அங்கே என்ன இருக்கிறது, வெறும் சாக்கடைத் தண்ணீரும் பாறையும்." படித்தவர்கள் சொன்னது, நானும் தலையாட்டியிருக்கிறேன். நீர் வடிந்த நேரத்தில் ஹாஜி அலி பாறைகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டியவர்கள் சில இளைஞர்கள், 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' என்ற பெயரில். நண்டு, கடல் சாமந்தி, ஆக்டோபஸ், கடைசியில் பவளம்! புலிக்குக் கொடுத்திருக்கும் அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு கல் பவளத்துக்கும் சட்டத்தில் இருக்கிறது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் திட்டத்தின் அனுமதியை ரத்து செய்தது, டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. 2020-ல் பவளங்களைப் பெயர்த்து வேறு இடத்தில் நட்டார்கள். 2024 மார்ச்சில் சாலையின் முதல் பகுதி திறந்தாயிற்று, நானும் அதில் போகிறேன், பத்து நிமிஷத்தில் வோர்லி. வோர்லி கோளிகள் மட்டும் "பாலத்தின் தூண்களுக்கு நடுவே அறுபது மீட்டர் விட்டால் படகு மோதும், எங்களுக்கு நீரோட்டம் தெரியும்" என்று பல மாதம் மல்லுக்கட்டி 120 மீட்டர் வாங்கினார்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால் அது அறிவு என்று யாருக்கும் முதலில் தோன்றவில்லை.

ஒன்றுமே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தீபக் ஆப்தேயின் சிப்பிப் புத்தகம் 1998-லேயே வந்தது. கடலாமைகளின் இந்தியக் கதையைக் கார்த்திக் சங்கர் 2015-ல் எழுதினார். சேஜல் மேத்தாவின் 'சூப்பர்பவர்ஸ் ஆன் தி ஷோர்' 2022-ல் வந்தது, அதை வாங்கிய அன்றே முடித்துவிட்டேன். சென்னைக் கரையைப் பற்றி யுவன் ஏவ்ஸ் 2023-ல் எழுதியது இருக்கிறது. எல்லாம் நல்லவை, எல்லாம் ஆங்கிலத்தில். கோளிவாடாப் பிள்ளையோ தூத்துக்குடிப் பிள்ளையோ தன் அப்பாவுக்குத் தெரிந்ததைத் தன் மொழியில் அச்சில் பார்க்க வழி எங்கே? தமிழில் ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) எனக்குக் கடலைப் பற்றிச் சொன்னது பத்துப் பாடப் புத்தகத்துக்குச் சமம். ஆனால் அது நாவல். ஒரு சமூகத்தின் கடல் அறிவு முழுவதையும் நாவலாசிரியர் ஒருவர் தலையில் சுமத்திவிட்டு, பதிப்பகங்கள் 'ஆழ்கடல் அதிசயங்கள் 100' என்று ஆங்கில என்சைக்ளோபீடியாவைப் பிய்த்துப் போடுவது என்ன நியாயம்? புத்தகக் கண்காட்சியில் அதைப் புரட்டிப் பார்த்தேன். அட்டையில் என்ன மீன் என்று சொல்லவும் வேண்டுமா?

சாளைக்கு ஒன்று, மன்னார் வளைகுடாச் சங்குக்கு ஒன்று, பொம்பிலுக்கு ஒன்று. இருநூறு பக்கம் போதும், கறுப்பு வெள்ளைப் படம் போதும். மீன்துறையில் ஓய்வுபெற்று வீட்டில் சுடோக்கு போட்டுக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரும், ஐம்பது ஆண்டு கடலுக்குப் போன ஒருவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் நடக்கிற காரியம். முன்பதிவுக்கு நான் தயார்.

இந்தச் சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனபோது மாவ்ஷி மகளைப் பார்த்ததும் மராத்தியில் கேட்டார், "என்னம்மா, நம்ம பொம்பிலுக்கு எத்தனை மார்க்?" இவள் என்னைப் பார்த்தாள், நான் தராசைப் பார்த்தேன். "ஸ்டார் கொடுத்தாங்க மாவ்ஷி" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஆறு பொம்பிலைக் கூடுதலாக அள்ளிப் பையில் போட்டார்.