குழந்தைகளின் பேதியும் பரிசோதனைச் சாலையும்

புதுச்சேரிக்கு நவீன வைத்தியம் நேற்று வந்ததன்று. பிரெஞ்சு ஆட்சியில் 1823-ஆம் ஆண்டிலேயே இங்கு வைத்தியக் கலாசாலை ஏற்பட்டது. இன்று ஜிப்மர் என்னும் பெரிய ஸ்தாபனம் விளங்குகிறது. இத்தகைய நகரில், வாந்தி பேதியால் வாடும் பச்சிளங் குழந்தையைக் கண்டு, ‘பல் முளைக்கிறது’ என்று காலங்கழிப்பது தகுமா? வைரஸிடம் சிறிதும் செல்லாத பாக்டீரியா மருந்தைக் காரணமறியாது புகட்டுவதுதான் தகுமா?

1973-இல் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் அம்மையாரும் அவர் சகாக்களும் நோயுற்ற குழந்தைகளின் குடல் திசுவை எலெக்ட்ரான் பூதக்கண்ணாடியால் நோக்கி, இக்கொடுமையின் பிரதான காரணமொன்றைக் கண்டனர். சக்கரம் போன்ற அவ்வைரஸ் ரோட்டா எனப் பெயர் பெற்றது. இன்று சிறிதளவு மலம் கிடைத்தால், எலைஸா முறையில் நிற மாறுதலைக் கொண்டு சில மணி நேரத்தில் அதை அறியலாம். நோரோ முதலிய பிற வைரஸ்களைப் பி.சி.ஆர். சோதனை காட்டித் தரும்.

‘எந்த வைரஸாயினும் சிகிச்சை ஒன்றுதானே, உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும் போதாவோ?’ என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். ஒரு குழந்தையைப் பொறுத்தவரை இது மெய்யே. கரைசல் கொடுப்பதற்குச் சோதனை முடிவை எதிர்பார்த்து ஒரு கணமும் தாமதித்தலாகாது. ஆனால் ஊரைப் பொறுத்தவரை இவ்வாதம் நில்லாது. நம் தேசத்தில் பேதிக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேரிடம் ரோட்டா இருந்ததென்பது பரிசோதனையாலேயே தெரிந்தது. 1980-களில் தில்லிச் சிசுக்களிடம் கண்டெடுத்த வைரஸிலிருந்தே ரோட்டாவாக் என்னும் சுதேசி மருந்து பிறந்தது. 2016-இல் நான்கு மாகாணங்களில் தொடங்கிய இலவச ரோட்டாத் தடுப்பு 2019-இல் தேசமெங்கும் விரிந்தது.

மருந்து வந்ததனால் வேலை தீர்ந்துவிடவில்லை. நோய் எவ்வளவு குறைந்தது, எவ்வைரஸ் அதன் இடத்தைப் பிடிக்கிறது என்பவை ஊகத்தால் விளங்கா. 2022 ஜூலையில் காரைக்காலில் பேதி பரவியபோது, அதில் காலராவும் உண்டென்று காட்டியது பரிசோதனையே. அதன்மேல் சர்க்கார் சுகாதார அவசர நிலையைப் பிரகடனம் செய்தது. விபத்து வந்தபின் செய்வதை வருமுன் செய்யலாகாதா?

ஆஸ்பத்திரிக்கு வரும் பேதிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரையேனும் மாதந்தோறும் முறையாகச் சோதித்து, முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிட வேண்டுமென்று சர்க்காரைக் கேட்கிறோம். ஜனத் தொண்டர்களுக்கும் கடமையுண்டு. தம் வீதியில் 6, 10, 14-ஆம் வாரங்களில் தடுப்பு மருந்து பெறாத குழந்தை இல்லையென்று அவர்கள் உறுதி செய்வார்களாக. எண்ணிக்கை தெரியாத துயரத்தைச் சர்க்கார் எளிதில் மறந்துவிடும். ஆதலின், எண்ணிக் காட்டுதலே முதற் கிளர்ச்சியாகும்.