சிஎஸ்ஆர் பணிகளில் ஊழியர்கள் மனசார இறங்குவது எப்போது? திருமுக்கூடல் கல்வெட்டு காட்டும் வழி

சனிக்கிழமை ஏரிக்கரையில் மரம் நடுகிறோம், எல்லோரும் வாங்க என்று ஹெச்.ஆர். மெயில் வருகிறது. சிலர் ஆசையாகக் கிளம்புகிறார்கள். சிலர் போட்டோவுக்குத் தலைகாட்டிவிட்டு நழுவுகிறார்கள். மெயில் ஒன்றுதான், ஆனால் ஒரு கம்பெனியில் கூட்டம் சேர்கிறது, இன்னொன்றில் சேர்வதில்லை. ஏன்?

சட்டம் என்ன சொல்கிறது?

நிறுவனங்கள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே போதும். முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2% சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்.

எந்தப் பணிக்கு எவ்வளவு என்பதை இயக்குநர் குழு முடிவு செய்கிறது. அந்த மேசையில் ஊழியருக்கு நாற்காலி போடும்படி சட்டம் கேட்கவில்லை. ஊழியர்கள் தரும் நேரத்தைப் பணமாக மதிப்பிட்டு சிஎஸ்ஆர் கணக்கில் காட்டவும் முடியாது. இதை 2021 ஆகஸ்டில் மத்திய நிறுவன விவகார அமைச்சகம் தெளிவுபடுத்தியது. ஆக, 2% பணத்தைச் சட்டம் உறுதி செய்கிறது. ஊழியர் வருவதும் வராததும் நிறுவனத் தலைமையின் கையில்தான்.

தலைமைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நெறிசார்ந்த தலைமை பற்றி பிரவுன், ட்ரெவினோ, ஹாரிசன் ஆகிய மூவர் 2005-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையில் அதிகம் பேசப்படுவது. தலைவர் நல்ல மனிதராக இருந்தால் மட்டும் போதாது என்கிறது அது. சரியானதைச் செய்பவரைப் பாராட்டணும், தவறைத் தட்டிக் கேட்கணும், கீழே இருப்பவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கணும். மேலே இருப்பவர் நடந்துகொள்வதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்கிறார்கள் என்பது இதன் அடிப்படை.

அப்போ ஊழியர் எதைப் பார்க்கிறார்? ஓவர்டைம் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, புகார் கொடுத்தவருக்கு என்ன ஆனது, ஒப்பந்தத் தொழிலாளரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கிறார். “நம்ம பி.எஃப். பாக்கி நிக்குது, இதுல ஸ்கூலுக்குப் பெயின்ட் அடிக்கப் போறாங்களாம்” என்று கேன்டீனில் ஒருமுறை பேச்சு வந்துவிட்டால், எத்தனை மெயில் அனுப்பியும் பலன் இருக்காது.

ஸ்ரீபெரும்புதூர் பாடம்

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சக தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் இறங்கினர். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் சில இடங்களில் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரியில்தான் வேலை மீண்டும் தொடங்கியது.

இது சிஎஸ்ஆர் விவகாரம் அல்ல. ஆனால் ஒரு நிறுவனத்தின் நேர்மையைத் தொழிலாளி ஆண்டறிக்கையில் தேடுவதில்லை, சாப்பாட்டுத் தட்டில் பார்க்கிறார் என்பதை ஊருக்கே காட்டியது.

கல்வெட்டில் என்ன இருக்கிறது?

அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்ட நீளமான கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை பற்றி அது பேசுகிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் சம்பளம். அறுவை சிகிச்சை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், மூலிகை கொண்டுவருபவர், நாவிதர் என ஒவ்வொருவருக்கும் கூலி கணக்காக எழுதப்பட்டிருக்கிறது.

கவனிக்க வேண்டியது, சிகிச்சை யாருக்கு என்பதை. கோயில் பணியாளர்களுக்கும் அங்கே படித்த மாணவர்களுக்கும்! பணியாளருக்கென்றே செய்வதை இன்றைய விதிகள் சிஎஸ்ஆராக ஏற்காது. அதில் நியாயமும் இருக்கிறது. சொந்த ஊழியரைப் பார்த்துக்கொள்வது நிறுவனத்தின் கடமை, அதைச் சமூக சேவைக் கணக்கில் எழுத முடியாது. அந்தக் கடமையை முடித்துவிட்டுத்தான் ஊருக்குச் செய்ய ஊழியரை அழைக்க முடியும் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

கட்டாயப்படுத்தினால்?

தன்னார்வப் பணியை அப்ரைசல் மதிப்பெண்ணோடு முடிச்சுப் போட்டால் தலை எண்ணிக்கை கூடலாம், ஆர்வம் கூடாது. வார விடுமுறையைப் பிடுங்கிச் செய்யும் சேவை இன்னொரு ஷிஃப்ட் மாதிரிதான்.

அடுத்த மெயில் வரும்போது ஊழியர்கள் கேட்டுப் பார்க்கலாம்: வேலை நேரத்திலேயே அனுமதி உண்டா? எந்தப் பணி என்று முடிவு செய்ததில் நம்மிடம் கருத்துக் கேட்டார்களா? மேலதிகாரிகளும் கடைசிவரை இருந்து மண்வெட்டி பிடிப்பார்களா? ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அழைப்பு உண்டா? இந்த நான்குக்கும் ‘ஆமாம்’ சொல்லும் நிறுவனம் ஆள் சேர்க்க அலைய வேண்டியிருக்காது.