மோட்டாருக்கு முன்னாடி பிரேக்கைப் பாருங்க மக்கா

6,000 ரூபாய் சைக்கிள்ல ஹப் மோட்டார் மாட்டி ஓட்டணும்ங்கிறது நல்ல ஆசைதான். 250 வாட்டுக்குக் கீழ, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள இருந்தா நம்ம ஊர்ல பதிவு எண் கூட வேண்டாம். ஆனா எல்லாரும் பேட்டரி எத்தனை தூரம் தாங்கும்னுதான் கேக்கறாங்களே ஒழிய, பிரேக்கைப் பத்தி மூச்சே விடறதில்லை. மிதிச்சா 12ல போற வண்டி 24ல போனா, நிறுத்தும்போது அடக்க வேண்டிய சக்தி ரெண்டு மடங்கு இல்லீங்க, நாலு மடங்கு (பிளஸ் டூ பிசிக்ஸ் சாமியோவ்!). போதாததுக்கு பேட்டரி, மோட்டார் எடை வேற. அதை அடக்கறது ஒரு இரும்பு ரிம்மும் ரப்பர் கட்டையும். மழையில நனைஞ்சா அந்த ரிம்முல கட்டை சும்மா வழுக்கும்.

மாமா பையன் கிட் மாட்டித் தரச் சொன்னான். "முதல்ல டிஸ்க் பிரேக் வச்ச சைக்கிளா வாங்குடா, அப்புறம் மாட்டறேன்"னுட்டேன். ரெண்டு நாளா போனை எடுக்க மாட்டேங்கறான் :-)