எடை மெஷின் சொல்வதெல்லாம் உண்மையா?

சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்தில் மருத்துவப் பரிசோதனை நடந்தது. என் உயரம் 170 செ.மீ., எடை 65 கிலோ. பி.எம்.ஐ. 22.5 என்று எழுதி, பக்கத்தில் 'நார்மல்' என டிக் அடித்தார்கள். இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 112. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம் என்றார் டாக்டர். "நான் ஒல்லிதானே சார்?" என்றேன். அவர் இன்ச் டேப்பை எடுத்து என் வயிற்றை அளந்தார். 92 செ.மீ.!

பி.எம்.ஐ. கணக்கு மிக எளிது. எடையை உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் போதும். எக்ஸெல்லில் ஒரு வரி பார்முலா. பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் கெட்லே 1830களில் மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராயும்போது கண்ட கணக்கு இது. இதற்குள் போகும் தகவல்கள் இரண்டே இரண்டு. அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பது இதற்குத் தெரியாது.

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! நம்மவர்கள் பலரின் உடல்வாகு இப்படித்தான். அதனால்தான் இந்தியர்களுக்கு அதிக எடையின் தொடக்கத்தை 25-லிருந்து 23 ஆகக் குறைத்திருக்கிறார்கள். அப்படியும் நான் தப்பிவிட்டேன் பாருங்கள்.

சரி, கொழுப்பையே அளந்துவிடலாம் என்று புளூடூத் எடை மெஷின் ஒன்று வாங்கினேன். வெறுங்காலில் ஏறி நின்றால் 26.4 சதவீதம் என மொபைலில் காட்டியது. ஒரு சந்தேகம் வந்தது. சாப்ட்வேரில் என் வயதை 28-லிருந்து 48 ஆக மாற்றிவிட்டு மீண்டும் ஏறினேன். கொழுப்பு கூடிவிட்டது! ஒரே நிமிடத்தில், அதே உடம்பில்!

காரணம் இதுதான். மெஷின் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. கால் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தைச் செலுத்தி, உடலின் மின்தடையை மட்டும் அளக்கிறது. நீர் அதிகமுள்ள தசையில் மின்சாரம் எளிதாகப் பாயும், கொழுப்பில் பாயாது. மற்றதெல்லாம் வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்து சாப்ட்வேர் போடும் மதிப்பீடு. தண்ணீர் குடித்தாலும், வியர்த்தாலும் எண் மாறும். புரோகிராம் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன், புள்ளிக்குப் பின் ஓர் எண் இருப்பதாலேயே விடை துல்லியமாகிவிடாது.

அப்படியானால் மெஷின் வீணா? இல்லை. தினமும் காலையில் ஒரே நேரத்தில் ஏறி, சில மாதங்களில் எண் கூடுகிறதா, குறைகிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் நம்பாதீர்கள்.

என் ஓட்டு இன்ச் டேப்புக்கே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேற்பகுதிக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து உடல் பருமனை முடிவு செய்யக் கூடாது என்று 2025-ல் லான்செட் நிபுணர் குழுவும் கூறிவிட்டது.

உங்கள் ரிப்போர்ட்டிலும் 'நார்மல்' என்று இருக்கிறதா? எதற்கும் ஒருமுறை டேப்பை எடுங்கள். முப்பதை நெருங்கிவிட்டால் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.