கட்டுமரமா... காற்றுக் கப்பலா?

செமஸ்டர் லீவுக்கு ராமநாதபுரம் போனால் எங்க அப்பாயி அரியர் பத்தியெல்லாம் கேட்கமாட்டாங்க. "ஏய்யா, இன்ஜினீயருக்குத்தானே படிக்கிற? தலைமன்னாருக்குக் கப்பல் எப்ப விடுவாக?" இது ஒண்ணுதான் கேள்வி.

காரணம் இருக்கு. ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவங்க. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை 'நீங்க இந்தியா' என்று பிரித்து அனுப்பியதே, அதில் வந்தவங்க. எழுபதுகளில் 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். தம்பி அங்கேயே தங்கிட்டார். அவரைக் கடைசியா பார்த்தது தலைமன்னார் துறையில்.

1914-ல பாம்பன் பாலம் திறந்த கையோடு தனுஷ்கோடி - தலைமன்னார் நீராவிக் கப்பலும் ஓட ஆரம்பிச்சது. சென்னையில் போட் மெயில் ஏறினால் கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட்! 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் துடைச்சுப் போட்டதும் ராமேஸ்வரத்துக்கு மாறி, எண்பதுகளில் போர் வந்ததும் மொத்தமா நின்னுபோச்சு. 2011-ல தூத்துக்குடி - கொழும்புக்கு ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய 'ஸ்காட்டியா பிரின்ஸ்' வந்தது. ஜூன்ல ஆரம்பிச்சு நவம்பர்ல காலி. 2023 அக்டோபர் 14-ல நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக்கு 150 பேர் போகிற 'செரியபாணி'. அதிவேகக் கப்பல்தான், ஆனா வடகிழக்குப் பருவமழை வருதுன்னு அதே மாசம் 20-ம் தேதியோட நிறுத்திட்டாங்க. 2024 ஆகஸ்ட்டில்தான் 'சிவகங்கை' மறுபடி அந்த ரூட்டைப் பிடிச்சது.

சரி, நம்ம ராமேஸ்வரத்துக்கு எந்த டிசைன் செட்டாகும்? ஹாஸ்டல்ல இதை வெச்சு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை.

முதல் கட்சி, ஹோவர்கிராஃப்ட். காற்று மெத்தை மேல மிதக்கிற வண்டி. ராமர் பாலத்துப் பக்கம் பல இடத்துல ஆழம் ரெண்டு மூணு மீட்டர்தான், மணல் திட்டு வேற. மண்டபத்துல இந்தியக் கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்ட் வெச்சிருக்கறதே அதுக்குத்தான். பயணிகளுக்கும் விடலாமேன்னு தோணும். இங்கிலீஷ் கால்வாயில் விட்டாங்களே! டோவர் - கலே தூரமும் நம்ம பழைய தனுஷ்கோடி - தலைமன்னார் தூரமும் கிட்டத்தட்ட ஒண்ணு, சுமார் 35 கிலோமீட்டர். 1968-லேர்ந்து பெரிய எஸ்.ஆர்.என்.4 வண்டிகள் காரையும் ஆளையும் ஏத்திக்கிட்டு அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே அந்தக் கரையில் விட்டன. 2000-ல மூடிட்டாங்க. எரிபொருள் குடி, காது கிழியும் சத்தம், கிழிஞ்சு கிழிஞ்சு போற ரப்பர் பாவாடை. காவல்படைக்கு ஓகே. டிக்கெட் வாங்குற அப்பாயிக்கு?

அடுத்தது ஹைட்ரோஃபாயில். வேகம் எடுத்ததும் அடியில் இருக்கிற இறக்கை உடலைத் தண்ணிக்கு மேல தூக்கிடும். ஹாங்காங் - மக்காவ் ரூட்டில் சூப்பர் ஹிட். நம்ம ஊர்ல இறக்கை முதல் நாளே ஏதாவது வலையில் மாட்டும். வலை கிழிஞ்ச மீனவருக்கு யார் பதில் சொல்றது? நெக்ஸ்ட்!

மிச்சம் ரெண்டு. ஒற்றை உடல் கப்பல், இரட்டை உடல் கேட்டமரன். கேட்டமரன் என்கிற பேரே நம்ம கட்டுமரத்திலேர்ந்து போனதுதான். (ஒரிஜினலுக்கு ரெண்டு உடல் கிடையாது, கட்டிச் சேர்த்த மரங்கள். பேரை மட்டும் சுட்டுட்டாங்க!) ரெண்டு உடலும் ஒல்லி என்பதால் அலையைக் கிளப்பி வீணாகிற சக்தி குறைவு. மேல்தளம் அகலம், தண்ணிக்குள்ள முங்குற ஆழம் கம்மி. குறை என்னன்னா, ஒல்லி உடம்பு எடையைத் தாங்காது. நாலு மூட்டை கூடினாலும் கீழே இறங்கும், எண்ணெய் செலவு ஏறும். குட்டையான செங்குத்து அலை வந்தா நடுவில் இருக்கிற தட்டுல 'தட் தட்'டுன்னு அறையும்.

அந்த மாதிரி அலை எங்கே வரும்? பாக் நீரிணையிலேயே, அதுவும் வாடைக்காலத்துல. மன்னார் வளைகுடா பக்கத்தை ஆண் கடல்னும் இந்தப் பக்கத்தைப் பெண் கடல்னும் ஊர்ல சொல்வாங்க. வாடைக் காத்து கிளம்பிட்டா பெண் கடலும் பொறுமையா இருக்காது.

இங்கதான் என் கட்சி. வேகமே வேணாம் பாஸ்! 35 கிலோமீட்டரை 30 நாட் வேகத்தில் கடந்தா 38 நிமிஷம். 20 நாட்னா 57 நிமிஷம். வித்தியாசம் 19 நிமிஷம்தான். இந்தக் காலத்து ராமேஸ்வரம் துறையிலேர்ந்து தூரம் இன்னும் கொஞ்சம் கூடும், கணக்கு பெரிசா மாறாது. ஆனா வேகம் ஒன்றரை மடங்கானா இன்ஜின் சக்தி தோராயமா மூணு மடங்குக்கு மேல வேணும். பாஸ்போர்ட் க்யூவுலயே அந்த 19 நிமிஷம் போயிடும். வேகப் படகு கிளப்புற அலையில் பக்கத்துல போற வல்லம் ஆடுற ஆட்டம் தனிக் கதை.

அதனால என் ஓட்டு, 20 நாட் போற, கொஞ்சம் தடிச்ச உடம்புள்ள கேட்டமரனுக்கு. வாட்டர்ஜெட் வேணாம், அது அதிவேகத்துலதான் சிக்கனம். அடிப்பாகத்தைக் குடைஞ்சு ப்ரொப்பல்லரை உள்ளே ஒளிச்சு வெச்சா ஆழக் குறைவுக்கும் சரி, வலைக்கும் ஓரளவு சரி. தட்டை உயரமா தூக்கி வெச்சா அறையும் குறையும். இருந்தாலும் நவம்பர், டிசம்பர்ல சில நாள் கரையில் நிக்கத்தான் வேணும். அதுக்கு எந்த டிசைனும் மருந்து இல்லை. ஒற்றை உடல்தான் பெஸ்ட்னு மெக்கானிக்கல் ரூம்மேட் இன்னும் முறைச்சுக்கிட்டு இருக்கான்.

இதையெல்லாம் நோட்டுல படம் போட்டு அப்பாயிக்கு விளக்கினேன். பொறுமையா கேட்டாங்க. "வாந்தி வருமா?"ன்னாங்க. ஆடுறது கம்மி, ஆனா வெடுக்வெடுக்னு ஆடும்னேன். "சரிய்யா, தம்பிக்கு ஒரு மூட்டை குண்டு மிளகாய் கொண்டுபோகணும். எடை பாப்பாகளா?"

"பாப்பாங்க அப்பாயி. கட்டுமரமா இருந்தா கண்டிப்பா பாப்பாங்க."

"அப்ப அரை மூட்டை"ன்னுட்டு வெயில்ல மிளகாய் காயப்போட எந்திரிச்சுட்டாங்க.